வினைமுற்று

மாநகராட்சி ஆட்டோவில் ஒலிக்கும் பெண்குரல்
என்னுடையதுதான்.
அதற்கு முன்பு
நகைக்கடைத் தள்ளுபடியும்
ஆடிப் பண்டிகைக் கூட்டத்தில்
காணாமல் போன பிள்ளையின் சட்டை நிறமும்
சொல்லிக்கொண்டிருந்த குரல்.

மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்தி
மின்விசிறியை அணைத்துவிட்டு
சேலத்து வெயிலில் வேர்த்து ஊற்றப்
பதிவு செய்வேன்.
ஒரு பதிவுக்கு முந்நூறு ரூபாய்.
ஊரைச் சாத்தச் சொன்ன காசில்தான்
எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.
மறைக்க என்ன இருக்கிறது.

காலை பத்து மணி வரை.
பிறகு பன்னிரண்டு வரை.
பிறகு காய்கறி மட்டும், அதுவும் தள்ளுவண்டியில்.
பிறகு மறுபடியும் பத்து.
கடிதம் வரும், படிப்பேன்.
மாதேஸ் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போவான்.

தமிழில் ஒரு சிக்கல்.
"செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டைப் பகுதிகளில்
அனைத்துக் கடைகளையும் இன்று முதல்
மாலை ஆறு மணி வரை திறக்க"
என்பது வரை எல்லா உத்தரவும் ஒன்றுதான்.
அனுமதியா தடையா என்பது
வாக்கியத்தின் வாலில் இருக்கிறது.
பாதி தூக்கிய ஷட்டரைப் பிடித்தபடி
அந்த வாலுக்காக சனம் காத்து நிற்பதை
மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன்.

வைகாசி இரண்டாம் வெள்ளியன்று
மாதேஸ் தப்பான பதிவை ஓட்டிவிட்டான்.
போன வருசத்துத் தளர்வு.
"திறக்கலாம்" என்றேன் நான்
செவ்வாய்ப்பேட்டை நெடுக,
தெளிவாக, ழகரம் பிசகாமல்.

நாற்பது நிமிடம்.
தங்காயி ஒரு கூடை குண்டு மாம்பழத்தையும் தள்ளினாள்,
அடியில் கன்றிப்போனதை ஜூஸுக்கென்று பாதி விலைக்கு.
கொலுசுப் பட்டறையில் ஊதுகுழாய் பற்றியது;
இருபது நாளாய்த் திருகில்லாமல் கிடந்த ஒரு சோடியை
சையத் பாஷா முடித்தே விட்டார்.
ஜவ்வரிசி மூட்டை ஏற்றியவர்கள்
கூலியை அங்கேயே எண்ணி வாங்கினார்கள்.
சலூனில் ஆறு பேர்.
சவரத்துக்கு முகக்கவசத்தோடு உட்கார முடியுமா.
பிறகு ஜீப் வந்தது.

பன்னிரண்டாம் நாள்
தெருமுனையில் தகரம் அடித்தார்கள்.
சலூன்காரர் நல்லதம்பிக்கு
பெரியாஸ்பத்திரியில் படுக்கை கிடைக்க ஒரு பகல்.
அதற்கப்புறம் மூன்றே இரவு.

அந்த நாற்பது நிமிடத்தாலா?
முந்தின நாள் தண்ணீர் லாரி வரிசையாலா?
அவர் மச்சான் ஏற்காட்டிலிருந்து
மிளகு மூட்டையோடு இறங்கி வந்தானே, அதனாலா?
வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்க வந்த பெண்ணைக் கேட்டேன்.
"எங்களுக்கும் தெரியலைங்க்கா" என்று
அடுத்த கதவைத் தட்டப் போனாள்.

தங்காயி என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்,
பிடிக்கக் கூடாது, பிடித்துக்கொண்டாள்.
"கந்துக்காரன் அன்னைக்கு வாசல்லயே நின்னான் சாமி,
உங் கொரலாலதான் தப்பிச்சேன்."
நல்லதம்பியின் மனைவி ஒன்றும் சொல்லவில்லை.
ஆட்டோ வரும்போது
ஜன்னலைச் சாத்துகிறாள்,
அவ்வளவுதான்.

பட்டறைத் தரையின் தூசியைக்கூடக் கூட்டி
உருக்கி வெள்ளி எடுக்கிற ஊர் இது.
அந்த நாற்பது நிமிடத்தை
எதில் போட்டு உருக்குவதென்று
இங்கே யாருக்கும் தெரியவில்லை.

நேற்று புதுக் கடிதம்.
மின்விசிறியை அணைத்தேன்.
"திறக்க" வரை வந்துவிட்டேன்.
மெத்தை மறைக்காத ஒரு சாண் ஜன்னலில்
சேர்வராயன் மலைமேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது.
மூச்சு வாங்கியது.
பிறகுதான் மிச்சத்தைச் சொன்னேன்.

நடுவுல சத்தமே இல்லாம கெடக்குதே,
வெட்டிரட்டுமாக்கா என்றான் மாதேஸ்.

வேண்டாம்,
அது இருக்கட்டும் என்றேன்.